தோண்டிய தெருவை மூடும் பணம் எங்கே? மாநகராட்சி மன்றத்துக்கு ஒரு தையல்காரியின் திறந்த மடல்

மேயர் அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், ஆணையர் அவர்களுக்கும்,

சென்ற மாதம் நீங்கள் நிறைவேற்றிய சாலைத் தீர்மானத்தின் நகலை வாங்கிப் படித்தேன். பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்ட எங்கள் வார்டின் பதினோரு தெருக்களில் ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை. குடிநீர்க் குழாய் வேலை முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் தள்ளிவைத்திருக்கிறீர்கள். அதே பட்டியலில், மூன்று வருடம் முன்பு போட்டு இன்றும் வழவழப்பாக இருக்கும் கடைவீதிச் சாலைக்கு மறுபடி தார் போடப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள். இதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. காலை பத்து மணிக்கு மெஷினில் உட்கார்ந்தால் இரவு எட்டரை வரை என் முகம் தெருவைப் பார்த்துத்தான் இருக்கும். வாடிக்கையாளர்களின் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில், மூன்று வருடமாகத் தெருவின் கணக்கையும் எழுதி வருகிறேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. முதல் தடவை புகார் கொடுக்கப் போனபோது, எந்தத் தேதியில் தோண்டினார்கள் என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்துதான் எழுத ஆரம்பித்தேன்.

நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். 2023 பிப்ரவரி 9, தெருவின் நடுவே பொக்லைன் இறங்கியது. ஏப்ரலில் ஆள்நுழைவுத் தொட்டிகள் கட்டினார்கள். அந்த ஆண்டு முழுவதும் மண்ணாகவே கிடந்தது. 2024 ஜூனில் வீட்டு இணைப்புக்காக ஒவ்வொரு வாசலிலும் குறுக்கே வெட்டினார்கள். அதன் பிறகு இரண்டு முறை ஜல்லி கொட்டினார்கள், ஒருமுறை ஒட்டுப் போட்டார்கள். அவ்வளவுதான். சென்ற மழைக்குப் பிறகு இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். எங்கள் வாசலுக்கு எதிரே உள்ள குழி ஏழரை அங்குல ஆழம், நாற்பத்தோரு அங்குல நீளம். தொட்டியின் மூடி சுற்றியுள்ள மண்ணைவிட ஐந்து அங்குலம் உயர்ந்து நிற்கிறது. இருட்டில் வரும் இருசக்கர வண்டிக்கு இது ஒரு படிக்கட்டு.

பாதாளச் சாக்கடை வேண்டாம் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. செப்டிக் டேங்க் நிரம்பி வாசலில் வழிந்த காலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்தத் தொட்டிக்குள் மனிதர்கள் இறங்குவதையும் பார்த்திருக்கிறோம். அது இனி வேண்டாம் என்றுதான் வைப்புத்தொகையைச் சந்தோஷமாகக் கட்டினோம். தோண்டுங்கள் என்று வழிவிட்டோம். கடைக்குள் புழுதி வந்து வெள்ளை வாயில் ரக மெல்லிய துணியெல்லாம் பழுப்பேறியபோதும் பொறுத்துக்கொண்டோம். தோண்டியதை மூடாமல் விட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சென்ற அக்டோபரில் ஒரு மாலை. மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும். குழியெல்லாம் தண்ணீர் நின்று தெருவே ஒரே மட்டமாகத் தெரிந்தது. அடுத்த தெருவிலிருக்கும் டீச்சரம்மா, எழுபது வயதுக்காரர், பேத்தியின் பட்டுப்பாவாடைக்கு ஓரம் மடித்துத் தைக்க வந்துகொண்டிருந்தார். "டீச்சர், வலது பக்கமா வாங்க" என்று நான் மெஷினிலிருந்தே கத்தினேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்தபடியே அடுத்த அடியை எடுத்து வைத்தார். என் சத்தம் கேட்டு நிமிராமல் கீழே பார்த்து நடந்திருந்தால் விழுந்திருக்க மாட்டாரோ என்று இன்றுவரை நினைக்கிறேன். தண்ணீருக்குள் கையூன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்து கை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. ஓடிப்போய்த் தூக்கியபோது அவர் முதலில் கேட்டது, "பாவாட நனையலயே?" என்றுதான். மஞ்சப்பை தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

ஆட்டோ உள்ளே வர மறுத்துவிட்டது. அச்சு உடைந்தால் யார் கொடுப்பார்கள் என்று அந்தத் தம்பி கேட்டார், அவர் கேட்டதிலும் தப்பில்லை. என் கடை பிளாஸ்டிக் நாற்காலியில் டீச்சரம்மாவை உட்கார வைத்து நான்கு பேர் தெருமுனை வரை தூக்கிக்கொண்டு போனோம். கையில் தகடு வைத்து ஆபரேஷன் செய்தார்கள். இன்னமும் அவரால் அந்தக் கையால் ஒரு சொம்பு தண்ணீரைத் தூக்க முடியவில்லை. என் நோட்டில் உள்ள கணக்குப்படி, என் கண் முன்னால் விழுந்தவர்களில் அவர் பதினேழாவது ஆள். மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போனது.

2013 முதல் 2017 வரையிலான ஐந்து ஆண்டுகளில் நாடு முழுவதும் சாலைக் குழிகளால் 14,926 பேர் இறந்தார்கள் என்ற கணக்கைக் கண்டு, 2018-இல் உச்ச நீதிமன்றமே இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது என்று சொன்னது. 2025 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. குழியால் உயிர் போனால் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாயும், காயம் என்றால் அதன் தன்மையைப் பொறுத்து 50,000 முதல் 2.5 லட்சம் வரையும் சாலைக்குப் பொறுப்பான அமைப்பு தர வேண்டும் என்றும், அந்தப் பணத்தைக் காரணமான அதிகாரியிடமும் ஒப்பந்ததாரரிடமும் வசூலிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அது மகாராஷ்டிரத்துக்கான உத்தரவு, தெரியும். ஆனால் மணிக்கட்டு அங்கே முறிந்தாலும் இங்கே முறிந்தாலும் ஒன்றுதான்.

இனி ஒட்டுப் போட்ட கதைக்கு வருகிறேன், ஏனென்றால் ஒட்டுப் போடுவது என் தொழில்.

துணி ஓரிடத்தில் கிழிந்தால், கிழிசலைச் சுற்றி நைந்துபோன பகுதி இருக்கும். அதை வெட்டி எடுத்துவிட்டு, உறுதியான துணி வரும் இடம்வரை போய், அங்கேதான் ஒட்டுத்துணியைப் பிடிக்க வேண்டும். நைந்த துணியின் மேலேயே தைத்தால் அடுத்த துவைப்பில் தையலோடு பிய்ந்து வந்துவிடும். தார்ச்சாலைக்கும் இதே முறைதான் என்று எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவர் சொன்னார். நெடுஞ்சாலைத் துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். குழியைச் சதுரமாக, உறுதியான தளம் வரும்வரை வெட்டி, தண்ணீரும் தூசியும் போகத் துடைத்து, அடியிலும் ஓரத்திலும் தார்க்குழம்பு பூசி, பிறகு கலவையைக் கொட்டிச் சுற்றியுள்ள மட்டத்துக்கு வரும்படி இறுக்க வேண்டும். சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு இதற்கென்றே பராமரிப்பு விதிநூல் போட்டிருக்கிறது, உங்கள் பொறியாளர்கள் மேஜையில் இருக்கும் என்றார்.

எங்கள் தெருவில் நடந்தது இது: காலை பதினொரு மணிக்கு ஒரு டிராக்டர் வந்தது. தண்ணீர் நின்ற குழியிலேயே கலவையைக் கொட்டினார்கள். மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டினார்கள். பன்னிரண்டரைக்குப் போய்விட்டார்கள். ரோலர் வரவில்லை. பதினெட்டாம் நாள் ஜல்லி தனியாகக் கழன்று தெருவெங்கும் சிதறியது. குழியைவிட அந்தச் சிதறிய ஜல்லி மோசம், பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கும். அந்த வேலைக்கு மாநகராட்சி பணம் கொடுத்துவிட்டதா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

குழாய்ப் பள்ளத்தை மூடியதும் இப்படித்தான். மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, தண்ணீர் விட்டு, அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்கினால்தான் பள்ளம் உட்காராது. பொக்லைன் ஒரே தள்ளாகத் தள்ளி மூடிவிட்டுப் போய்விட்டது. ஒவ்வொரு மழைக்கும் ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் என்று கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. இதன் மேல் நாளைக்கே தார் போட்டாலும் நிற்காது. அதனால் அவசரமாக ஒரு கோட்டிங் அடித்து எங்கள் வாயை அடைத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை.

மன்றத்தில் என்ன பேச்சு நடந்தது என்று எங்கள் கவுன்சிலரே சொன்னார். சாலைப் பணத்தை எல்லா வார்டுக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும் என்று பலர் பேசியிருக்கிறீர்கள். பெரிய சாலைகளுக்கு முதலில் செலவிட்டால்தான் ஊருக்கே பயன் என்று சிலர். அரசு நிதி வரட்டும், கையில் காசில்லை என்று சிலர். இந்த மூன்றுக்கும் எனக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சமமாகப் பிரிப்பது நியாயம் போலத் தெரியும். பிரிக்காவிட்டால் மேயருக்கு வேண்டியவர்களின் வார்டுக்கே எல்லாம் போய்விடும் என்ற பயமும் எனக்குப் புரிகிறது. ஆனால் தெருக்கள் சமமாக உடையவில்லையே. எங்கள் வார்டில் பதினோரு தெருவைத் தோண்டினார்கள், பக்கத்து வார்டில் ஒன்றுமில்லை. இருவருக்கும் ஒரே தொகை என்றால், அங்கே நல்ல சாலையின் மேல் தார் விழும், இங்கே குழியின் மேல் ஜல்லி விழும். இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் மருந்தை ஆளுக்குப் பாதியாகவா கொடுப்போம்? எந்தத் தெரு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பொறியாளர்கள் நடந்து பார்த்து மதிப்பெண் போடட்டும். அதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். வேண்டியவர் வேண்டாதவர் என்ற பயம் அப்போதுதான் போகும்.

கடைவீதிச் சாலையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் நூலும் லைனிங் துணியும் வாங்க வாரம் இரண்டு தடவை போகும் சாலை அது. அதில் குழியே இல்லை.

காசில்லை என்ற பேச்சுதான் என்னை மிகவும் காயப்படுத்தியது. 2022-இல் தமிழகம் முழுவதும் சொத்து வரியை உயர்த்தினார்கள். எங்கள் வீட்டுக்கு 50 சதவீதம் கூடியது, கடை அறைக்கு அதைவிட அதிகம். பாதாளச் சாக்கடைக்கு வைப்புத்தொகை தனி, மாதக் கட்டணம் தனி. ஒரு ரவிக்கை தைத்து என்ன மிஞ்சும் என்று உங்கள் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். அதில் சேர்த்துத்தான் ஒரு பாக்கி இல்லாமல் கட்டியிருக்கிறேன்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. தெருவைத் தோண்டுகிறவர்கள் அதைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும், அல்லது ஆக்குவதற்கான பணத்தை மாநகராட்சியிடம் கட்ட வேண்டும். எங்கள் பதினோரு தெருக்களைச் சீராக்க வேண்டிய செலவு, தோண்டும் திட்டத்தின் மதிப்பீட்டிலேயே இருந்திருக்க வேண்டும். அப்படியானால் அது புதிதாகத் தேட வேண்டிய காசு இல்லை. எங்கே இருக்கிறது? ஒப்பந்ததாரரிடமா, குழாய் போட்ட துறையிடமா, மாநகராட்சிக் கணக்கிலா? இல்லை, வேறு சாலைக்குச் செலவாகிவிட்டதா? தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேட்டேன். முப்பது நாளுக்குள் பதில் வந்தது, அதுவரை சரி. ஆனால் கேட்ட தகவல் இந்தப் பிரிவில் இல்லை, வேறு பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று இருந்தது. அந்த வேறு பிரிவிலிருந்து இன்றுவரை ஒரு வரி வரவில்லை. கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது.

பிறகு, தெரு உயர்வது. எங்கள் மாமனார் இந்த வீட்டைக் கட்டியது 1989-இல். தெருவிலிருந்து வீட்டுக்கு ஏற மூன்று கருங்கல் படி வைத்தார், ஒவ்வொன்றும் ஏழு அங்குலம். இன்று வெளியே தெரிவது ஒரே ஒரு படி. மற்ற இரண்டும் தாருக்கு அடியில் இருக்கின்றன. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் போட்டதால் வந்தது இது. எதிர்வீட்டுக்காரர்கள் இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்கிப் போகிறார்கள், மழை வந்தால் தண்ணீரும் அவர்களோடு இறங்குகிறது. 2021-இலேயே அன்றைய தலைமைச் செயலாளர், மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதிய சாலை போட வேண்டும் என்று அதிகாரிகளுக்கு எழுத்திலேயே அறிவுறுத்தினார். ஆனால் அப்படிச் சுரண்டும் மில்லிங் எந்திரத்தை நான் பெரிய சாலைகளில்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் மாதிரித் தெருக்களுக்குள் அது ஒருநாளும் வந்ததில்லை.

நம் மாநிலத்துக்குச் சாலை போடத் தெரியாமல் இல்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் பிளாஸ்டிக் கழிவைக் கலந்து தார்ச்சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தார். சென்னை நுங்கம்பாக்கத்தில் ஜம்புலிங்கம் தெருவில் 2002-இலேயே அப்படிப் போட்டுக் காட்டினார்கள். அதற்காக அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அதுவும் ஒரு தெருதான், நெடுஞ்சாலை இல்லை. தெரு என்றால் இளக்காரமாகப் போட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

2016 அக்டோபரிலிருந்து ஐந்து வருடத்துக்கு மேல் இந்த ஊருக்கு மன்றமே இல்லை, தனி அலுவலர்கள்தான் பார்த்தார்கள். அப்போது புகார் சொல்ல ஆளில்லை என்று நாங்களே எங்களைத் தேற்றிக்கொண்டோம். 2022 பிப்ரவரியில் மெஷினை நிறுத்திவிட்டு வரிசையில் நின்று வாக்களித்தோம். சாலையும் பாலமும் நகராட்சிகளின் பொறுப்பு என்று அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாவது அட்டவணையிலேயே சேர்த்திருக்கிறார்கள். இனி நாங்கள் வேறு யாரிடம் போய்க் கேட்பது?

அதே 2022-இல் பகுதி சபை என்று ஒன்றையும் கொண்டுவந்தார்கள். கிராம சபை போல ஒவ்வொரு வார்டிலும் மக்கள் கூடிப் பேச வேண்டிய இடம். எங்கள் பகுதி சபைக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். குப்பை வண்டி, தெருவிளக்கு எல்லாம் பேசினோம். சாலைப் பட்டியலை ஒருமுறைகூட யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு டீ கொடுத்து அனுப்பினார்கள்.

நான் கேட்பது இவைதான்.

அடுத்த மன்றக் கூட்டத்துக்கு முன்பாக, எங்கள் வார்டின் பதினோரு தெருக்களுக்கும் தெருவாரியாகக் கணக்கு வெளியிடுங்கள். யார் தோண்டினார்கள், சீரமைக்க எவ்வளவு மதிப்பிடப்பட்டது, அதில் எவ்வளவு கட்டப்பட்டது, எவ்வளவு செலவானது, மீதி எந்தக் கணக்கில் இருக்கிறது, எல்லாம் வேண்டும். அந்த மீதி அந்தந்தத் தெருவுக்கே செலவாக வேண்டும் என்று மன்றத்தில் தீர்மானம் போடுங்கள். இனித் தோண்டும் எல்லாத் தெருவுக்கும் அதுவே முறையாகட்டும்.

குடிநீர்க் குழாய் வேலை முடியட்டும் என்கிறீர்கள். சரி, என்று முடியும் என்று தேதி சொல்லுங்கள். போட்ட சாலையை மறுமாதமே வெட்டுவதை நாங்களும் விரும்பவில்லை. குழாய், கேபிள், மழைநீர் வடிகால் எல்லாத் துறையும் சேர்ந்து ஒரே காலண்டர் போட்டு, அந்த வரிசை முடிந்தபின் தார் போடுங்கள். ஆனால் அதுவரை இந்தக் குழிகளோடு எங்களை விடாதீர்கள். பள்ளத்தைத் திரும்பத் திறந்து அடுக்கடுக்காக இறுக்கி, மேலே வெட்மிக்ஸ் என்ற ஈர ஜல்லிக் கலவை போட்டு, ரோலர் ஓட்டி, தொட்டி மூடிகளைத் தெரு மட்டத்துக்குக் கொண்டுவந்து கொடுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். இந்த வேலை செப்டம்பருக்குள் முடிய வேண்டும்.

கடைவீதிச் சாலைக்கு ஒதுக்கியதை நிறுத்திவையுங்கள். எல்லா வார்டுத் தெருக்களையும் நிலைமையின்படி மதிப்பிட்ட பிறகும் அதற்குத்தான் முதலிடம் வருகிறது என்றால் நான் வாய் திறக்க மாட்டேன்.

தார் போடும்போது பழைய பரப்பைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்பதை உட்புறத் தெருக்களின் டெண்டரிலும் எழுதுங்கள். வேலை முடிந்ததும் தெருமுனையில் பலகை வையுங்கள்: ஒப்பந்ததாரர் யார், தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் முடித்தார், எத்தனை வருடம்வரை தன் சொந்தச் செலவில் பழுது பார்க்க வேண்டும். பதினெட்டு நாளில் பெயர்ந்த அந்த ஒட்டுக்குப் பணம் கொடுத்திருந்தால் அதைத் திரும்ப வாங்குங்கள்.

அடுத்த பகுதி சபையில் சாலைப் பட்டியலை வையுங்கள், நிறைவேற்றிய பிறகு அல்ல, நிறைவேற்றும் முன்பு.

டீச்சரம்மாவின் மருத்துவச் செலவுக்கு இழப்பீடு கேட்டு அவர் மகன் மனுக் கொடுத்திருக்கிறார். அதற்கும் எழுத்தில் பதில் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. மழை பெய்த மறுநாள் மாலை, ஆறு மணிக்கு மேல், உங்களில் ஒருவராவது தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு எங்கள் கடைவரை நடந்து வாருங்கள். உதவிப் பொறியாளரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நோட்டைக் காட்டுகிறேன். எந்த நாள் வருகிறீர்கள் என்று முன்கூட்டிச் சொன்னால், மற்ற பத்துத் தெருக்காரர்களையும் வரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வார்டு ஒன்றின் தையல் கடைக்காரி